எம்.ஜி.ஆருக்குப் பின்னால் ஒருத்தர்

'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை எங்களூர் டூரிங் டாக்கீஸில். மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்து, பின்னாலிருந்தவர் "தம்பி, மேட்டைக் கலை, மறைக்குது" என்று முதுகில் தட்டத் தட்ட, அசையாமல் பார்த்தேன். படம் 1973 மே 11-ல் ரிலீஸ். சென்னை, மதுரை எல்லாம் ஓடி முடித்துப் பல வருஷம் கழித்து எங்களூருக்கு வரும்போது பிரிண்ட்டில் மழை பெய்ய ஆரம்பித்திருந்தது. ஜப்பானிலும் மழை, தாய்லாந்திலும் மழை.

அதில் வாத்தியார் ஜப்பானில் ஒரு பெரிய பொருட்காட்சிக்குள் ஆடிப் பாடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கட்டடங்களையெல்லாம் செட் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோடம்பாக்கத்தில் தெர்மோகோலில் செய்திருப்பார்கள், வேறெங்கே அப்படியெல்லாம் கட்டுவார்கள்? பிற்பாடுதான் தெரிந்தது, அது நிஜம். 1970-ல் ஒஸாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சி, சுருக்கமாக 'எக்ஸ்போ 70'. ஆசியாவில் நடந்த முதல் உலகப் பொருட்காட்சி. மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை 183 நாள், 77 நாடுகள். உள்ளே வந்து போனவர்கள் 6 கோடியே 42 லட்சம். அப்போது ஜப்பானின் மொத்த ஜனத்தொகையே பத்துக் கோடிச் சொச்சம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ரெக்கார்டை உடைக்க 2010-ல் ஷாங்காய்தான் வரவேண்டியிருந்தது.

எக்ஸ்போ முடிவதற்குள் யூனிட்டோடு போய், நிஜக் கூட்டத்துக்கு நடுவில் காமிராவை வைத்து எடுத்திருக்கிறார் எம்.ஜி.ஆர். அப்படியென்றால் பாட்டில் பின்னால் போகிறவர்கள் கம்பெனி துணை நடிகர்கள் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு பொருட்காட்சி பார்க்க வந்தவர்கள். இந்தச் சாதாரண விஷயம் என் மண்டையில் உறைப்பதற்கு ஒரு ஜப்பான்காரர் தேவைப்பட்டார். வாத்தியார் திரையில் இருக்கும்போது பின்னால் போகிறவனை எவன் ஸார் பார்ப்பான்?

2025 செப்டம்பரில் ஆபீஸில் என்னை மூன்று வாரம் ஒஸாகாவுக்கு அனுப்பினார்கள். ஒரு மெஷின் வாங்குகிறோம், அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். (ஓடிற்று.) அங்கே எனக்குத் துணையாக ஒரு பெரியவரை ஒதுக்கியிருந்தார்கள். அறுபத்துநாலு வயசு. ரிட்டையர் ஆனவரை மறுபடி கூப்பிட்டு, குறைச்ச சம்பளத்தில், ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி கொடுத்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். காலையில் எட்டு இருபதுக்கு வருவார். பேனாவை நோட்டுக்கு இணையாக வைப்பார். அது கோணலாக இருந்தால் மறுபடி வைப்பார். அப்புறம்தான் எனக்குக் காலை வணக்கம். அவர் பேசினது ஜப்பான் இங்கிலீஷ், நான் பேசினது கும்பகோணம் இங்கிலீஷ், இரண்டுக்கும் நடுவில் செல்போனில் மொழிபெயர்ப்பு. வாசகர்களின் வசதிக்காக எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

அந்தச் சமயம் அதே ஒஸாகாவில், கடலைத் தூர்த்து உண்டாக்கின யுமேஷிமா தீவில், இன்னொரு எக்ஸ்போ நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 13-ல் ஆரம்பித்து அக்டோபர் 13-ல் முடிந்த 'எக்ஸ்போ 2025'. ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துப் போனார். பெரியவர்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 7,500 யென். "1970-ல் 800 யென்தான்" என்று டிக்கெட்டைக் காட்டும்போதே ஒரு தடவை சொன்னார். உள்ளே போனதும் இன்னொரு தடவை. போகட்டும், நாமும்தான் பத்து பைசா பஸ் டிக்கெட் பற்றிப் பேசுகிறோம்.

அந்த எக்ஸ்போவின் அதிசயம் மரத்தால் கட்டின ஒரு மாபெரும் வளையம். ஸௌ ஃபுஜிமோட்டோ என்கிற கட்டடக் கலைஞரின் யோசனை. சுற்றளவு சுமார் 2 கிலோமீட்டர். உலகின் மிகப் பெரிய மரக் கட்டுமானம் என்று கின்னஸில் இடம் பிடித்திருந்தது. மேலே ஏறி நடந்தோம். கீழே ஒவ்வொரு அரங்கு வாசலிலும் க்யூ. பெரிய அரங்குகளுக்கு முன்கூட்டியே செல்போனில் பதிவு செய்யவேண்டும், குலுக்கலில் பெயர் வரவேண்டும். எங்களுக்கு வரவில்லை. இத்தாலி அரங்கில் ரோமாபுரிக் காலத்து அட்லஸ் சிலை உலக உருண்டையைச் சுமந்துகொண்டு நிற்பதாகச் சொன்னார்கள். க்யூவைப் பார்த்தால் அதையும் சேர்த்துச் சுமக்கிறார் போலிருந்தது.

"அமெரிக்க அரங்குக்குப் போகலாமா? நிலாக்கல் வைத்திருக்கிறார்களாம்" என்றேன்.

"நான் மே மாசமே வந்து பார்த்துட்டேன்" என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "ஐம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு" என்றார்.

அதற்குமேல் சொல்லவில்லை. ஜப்பான்காரர்கள் பாதி வாக்கியம் பேசிவிட்டு மீதியை நம்மிடம் விட்டுவிடுவார்கள். வளையத்தை விட்டு இறங்கும்போது, "அசல் எக்ஸ்போவைப் பார்க்கணும்னா நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் மோனோ ரயிலில் போனோம். ஸ்டேஷனின் பெயரே எக்ஸ்போ நினைவுப் பூங்கா. இறங்கினதுமே எதிரே, மரங்களுக்கு மேலே, அது நிற்கிறது. 'சூரிய கோபுரம்'. டாரோ ஒகாமோட்டோ என்கிற கலைஞர் செய்தது. சுமார் 70 மீட்டர் உயரம். வெள்ளையாக, கழுத்தில்லாமல், இரண்டு பக்கமும் இறக்கையை விரித்துக்கொண்டு, 'என்கிட்ட ஒண்ணும் இல்லப்பா' என்று சொல்கிற கோழி மாதிரி இருக்கிறது. முதல் பார்வைக்குச் சிரிப்பு வருகிறது. பத்து நிமிஷம் பார்த்தால் கொஞ்சம் பயம் வருகிறது. உச்சியில் தங்க முகம், அது எதிர்காலம். வயிற்றில் உம்மென்று ஒரு முகம், அது நிகழ்காலம். (எல்லா ஆபீஸிலும் திங்கட்கிழமை காலை பார்க்கலாம்.) முதுகில் கறுப்புச் சூரியன், அது கடந்த காலம்.

எக்ஸ்போவுக்குத் திட்டம் போட்டவர் கென்ஸோ டாங்கே. பெரிய மேதை. நடுத் திடலுக்கு மேல், ஏறக்குறைய 290 மீட்டர் நீளத்துக்கு ஒரே கூரை போட்டார். ஒகாமோட்டோ என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கூரையில் ஓட்டை போட்டுத் தன் கோபுரத்தின் தலையை வெளியே நீட்டினார். எக்ஸ்போவின் தாரக மந்திரம் 'மனித குலத்தின் முன்னேற்றமும் இசைவும்'. ஒகாமோட்டோவுக்கு முன்னேற்றத்திலும் அவ்வளவு நம்பிக்கை இல்லை, இசைவிலும் இல்லை. கடைசியில் யார் ஜெயித்தது என்றால், கூரையை 1978-ல் பிரித்துவிட்டார்கள். ஒரு துண்டை மட்டும் ஞாபகத்துக்குத் தரையில் வைத்திருக்கிறார்கள். கோழி இன்னும் நிற்கிறது.

அந்தத் தங்க முகத்தின் கண்ணுக்குள் 1970 ஏப்ரல் கடைசியில் ஒரு போராட்டக்கார இளைஞன் ஏறி உட்கார்ந்துகொண்டு, எட்டு நாள் இறங்க மாட்டேன் என்றானாம். கீழே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். டிக்கெட்டே இல்லாமல் எக்ஸ்போவுக்கு இன்னொரு அரங்கு.

கோபுரத்துக்கு உள்ளே போனால் 41 மீட்டர் உயரத்துக்கு 'உயிர் மரம்'. அமீபாவிலிருந்து மனிதன் வரை கிளை கிளையாகத் தொங்குகிறார்கள். 1970-ல் 292 உருவங்கள். எக்ஸ்போ முடிந்தபின் பூட்டிப் போட்டு, பல வருஷம் கழித்துப் பழுது பார்த்து, 2018 மார்ச்சில் திறந்தபோது 183. இதைவிட ஆச்சரியம், கோபுரத்துக்கு நாலாவதாக ஒரு முகமும் இருந்தது. 'பாதாள சூரியன்'. கதிர்களோடு சேர்த்து சுமார் 11 மீட்டர் அகலம். எக்ஸ்போ முடிந்து சாமான்களை எடுத்துப் போனபோது அது எங்கேயோ தொலைந்துவிட்டது. இப்போது இருப்பது புதிதாகச் செய்தது.

"பதினோரு மீட்டர் முகம் எப்படிங்க தொலையும்?" என்றேன்.

பெரியவர் அதற்குச் சிரிக்கவில்லை. "மனுஷன் முகமே தொலையுதே" என்றார்.

பூங்காவில் நடந்தோம். 330 ஹெக்டேர் இடம். ஒரு காலத்தில் மூங்கில் காடு, அப்புறம் ஆறு மாசத்துக்கு உலகம், இப்போது புல்வெளி. "இதுதான் ஸோவியத் அரங்கு. எல்லாத்தையும் விட உயரம்" என்றார். புல். "அது அமெரிக்கா." அதுவும் புல். "இந்தியா?" என்று ஒரு தேசபக்தியில் கேட்டேன். கையை நீட்டினார். பாரபட்சமில்லாமல் அங்கேயும் புல்தான். பொருட்காட்சி முடிந்ததும் எல்லோரும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. எஃகு கம்பெனிகளின் அரங்கு தப்பித்து, 2010 முதல் மியூசியமாக இருக்கிறது. உள்ளே அந்தக் கால யூனிபாரம், டிக்கெட், கொடி எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். பக்கத்துக் கட்டடத்தில் கோபுரத்தின் பழைய தங்க முகத்தை இறக்கித் தரை மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பத்து மீட்டருக்கு மேல் குறுக்களவு. கிட்டே போய் நின்றால் மூக்குக்கு நேரே நம் தலை. அதன் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். "நீங்களும் வாங்க, யாரையாவது எடுக்கச் சொல்லலாம்" என்றேன். வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினார். அரை நிமிஷம் யோசித்துவிட்டு, வந்து நின்றார்.

ஏன் என்று அவர் வீட்டில்தான் புரிந்தது.

ஜப்பானில் வீட்டுக்குக் கூப்பிடுவது அபூர்வம் என்று கேள்விப்பட்டிருந்ததால் வேட்டி கட்டாத குறையாகக் கிளம்பிப் போனேன். கைவசம் இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் மனைவி அதை இரண்டு கையாலும் வாங்கி, ஏதோ விக்கிரகம் மாதிரி அலமாரியில் வைத்தார். அப்புறம் ஆல்பம் வந்தது.

அவருடைய சொந்த ஊர் ஷிமானே பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா. 1970-ல் இவருக்கு ஒன்பது வயசு, அக்காவுக்குப் பன்னிரண்டு. போகலாம் போகலாம் என்று ஆறு மாசம் சொல்லிவிட்டு, முடியப் போகிற சமயத்தில் லீவு கிடைத்து, ராத்திரி ரயில் ஏறி நாலு பேரும் வந்து சேர்ந்த நாள் செப்டம்பர் 5, சனிக்கிழமை. சரித்திரத்தில் இடம்பெற்ற நாள் அது. அன்று ஒரே நாளில் உள்ளே வந்தவர்கள் 8,35,832 பேர். அந்த 183 நாளில் அதுதான் உச்சம்.

"மத்தவங்களும் எங்கப்பா மாதிரியே லீவு போட்டிருக்காங்க" என்றார்.

அப்பாவிடம் இருந்தது ஒலிம்பஸ் பென் காமிரா. 1959-ல் வந்த மாடல். சட்டைப் பையில் அடங்கும். இதன் விசேஷம், ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு படம் எடுக்கும். 36 படச் சுருளில் 72 படம். போஸ்ட் ஆபீஸ் சம்பளத்துக்கு ஏற்ற காமிரா. சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெட்டுக்குத்தாக விழும். அதனால் ஆல்பத்தில் எல்லாமே ஒல்லி ஒல்லியாக நிற்கிற படங்கள். கோபுரம் பாந்தமாக அடங்கியிருக்கிறது. க்யூ அடங்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் க்யூவிலிருந்து நாலு பேர் மட்டும் இருக்கிறார்கள், மிச்சத்தை நாம்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

அந்த க்யூவைப் பற்றி அப்போதே ஜப்பானில் ஒரு ஜோக். 'முன்னேற்றமும் இசைவும்' என்பது ஜப்பானிய மொழியில் 'ஷிம்போ - சோவா'. அதைக் கொஞ்சம் திருப்பி 'ஷின்போ - சோதா' ஆக்கிவிட்டார்கள். 'மனித குலத்தின் பொறுமையும் நீண்ட க்யூவும்' என்று அர்த்தம். நம்மூராக இருந்தால் ரேஷன் கடை வாசலில் எழுதி வைத்திருப்போம்.

க்யூவிலேயே பெரிய க்யூ அமெரிக்க அரங்கில். அப்போலோ 12 கொண்டுவந்த நிலாக்கல் அங்கே இருந்தது. இவர்கள் நாலு பேரும் போய் நின்றிருக்கிறார்கள். வெயிலில் நகரவே இல்லை. அக்காவுக்கு மயக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் அப்பா, "கல்லுதானே? நம்ம ஊர் ஆத்துல கிடக்குது" என்று சொல்லி எல்லோரையும் க்யூவிலிருந்து வெளியே கூட்டிவந்துவிட்டார். பையன் அழுதான். அழுதுகொண்டிருக்கிற படம் ஆல்பத்தில் இருக்கிறது. ஒன்பது வயசுப் பையன், தொப்பி, வாயைக் கோணிக்கொண்டு. பின்னால் அமெரிக்கா.

"மே மாசம் பார்த்தீங்களே, எப்படி இருந்தது?"

"சின்னதா இருந்தது" என்றார். "அப்பா சொன்னது சரிதான்."

மற்றபடி அவர்கள் பார்த்தது நிறைய. ஸான்யோ அரங்கில் 'மனிதனைத் துவைக்கிற மெஷின்'. முட்டை மாதிரி ஒரு தொட்டியில் ஒரு பெண் உட்கார்ந்துகொள்ள, வெந்நீர், அல்ட்ராசானிக் அலை, காற்று என்று அதுவே குளிப்பாட்டி, உலர்த்தி, வெளியே அனுப்பும். "வீட்டுக்கு ஒண்ணு வாங்கினா உங்க ரெண்டு பேரையும் உள்ளே தள்ளிட்டு நான் நிம்மதியா சமைப்பேன்" என்றாராம் அம்மா. விற்பனைக்கு வரவே இல்லை. ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்து வாயைப் பிளந்த சின்னப் பையன்களில் ஒருவர் பிற்பாடு ஒரு கம்பெனியே நடத்தி, எக்ஸ்போ 2025-ல் அதே மெஷினைப் புது மாதிரியாகச் செய்து கொண்டுவந்து வைத்தார். சின்ன வயசு ஏக்கத்துக்கு அவ்வளவு ஆயுசு.

டெலிபோன் இலாகா அரங்கில் ஒயர் இல்லாத டெலிபோன். கையில் எடுத்து நடந்துகொண்டே பேசலாம். இவர்கள் வீட்டில் அப்போது ஒயர் உள்ள டெலிபோனே கிடையாது. யாருக்குப் பண்ணுவது? அப்பா தன் போஸ்ட் ஆபீஸுக்கே பண்ணி, "நான் எக்ஸ்போவிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். திங்கட்கிழமை ஆபீஸில் அவர் எப்படி நடந்திருப்பார் என்று எனக்குக் கண்ணில் தெரிகிறது.

ஆல்பத்தைப் பாதி புரட்டிய பிறகுதான் கவனித்தேன். அம்மா இருக்கிறார், குடை பிடித்துக்கொண்டு. அக்கா இருக்கிறாள், இவர் இருக்கிறார். கோபுரத்தின் முன், அரங்கு வாசலில், ஐஸ்கிரீமோடு, ஐஸ்கிரீம் கீழே விழுந்த பிறகு... அறுபது படங்களுக்கு மேல். அப்பா எங்கே?

"அப்பா எடுத்தவர்" என்றார் பெரியவர்.

ஒரு படத்தில் மட்டும் தரையில் அவருடைய நிழல் விழுந்திருந்தது. முழங்கையை மடக்கி, முகத்தில் எதையோ வைத்துக்கொண்டு நிற்கிற நிழல். அப்பா 1979-ல் போய்விட்டார். கல்யாணப் போட்டோ ஒன்று, போஸ்ட் ஆபீஸ் குரூப் போட்டோ ஒன்று, ரெண்டிலும் விறைத்துக்கொண்டு நிற்கிறார். சிரிக்கிற மாதிரி, நடக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி கூட்டத்தில் நிறையப் பேரால் வீடு திரும்ப முடியவில்லை. எக்ஸ்போவுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். இவர்களும்தான். செய்தித்தாளை விரித்துப் படுத்தார்கள். ஆல்பத்தில் அதற்குப் படம் இல்லை. பிலிம் தீர்ந்துவிட்டது, வெளிச்சமும் இல்லை. "ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறது அதுதான். நான் எப்பக் கண்ணை முழிச்சாலும் அப்பா உட்கார்ந்திருந்தார். ஸோவியத் அரங்கு நோட்டீஸால எங்களுக்கு விசிறிக்கிட்டிருந்தார்."

இந்த இடத்தில் அவர் மனைவி குறுக்கிட்டார். "உங்க அக்கா சொல்றது வேற ஆச்சே" என்றார். அக்கா சொல்வது இது: அப்பா விசிறவே இல்லை. எக்ஸ்போ பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அபஸ்வரமாக. பக்கத்துக் குடும்பம் எழுந்து வேறு இடம் போய்விட்டது. தவிர, ஸோவியத் அரங்குக்கு நாம் போகவே இல்லை, நோட்டீஸ் ஏது? அழுத பையனின் தொப்பி மஞ்சள் என்று இவரும் நீலம் என்று அக்காவும் பல வருஷமாகச் சண்டை. படம் இருக்கிறதே, பார்த்தால் தெரியாதா என்பீர்கள். படம் வெளுத்துப்போய்த் தொப்பி இப்போது சாம்பல் கலரில் இருக்கிறது.

சூழ்நிலை கொஞ்சம் கனத்துப் போயிற்று. அதை லேசாக்கலாம் என்று நினைத்துத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். "எங்க ஊர் சினிமாவிலேயும் உங்க எக்ஸ்போ இருக்கு, தெரியுமா?" என்று செல்போனை எடுத்தேன். அவர் மனைவி அதை டி.வி.யோடு இணைத்துவிட்டார். ஜப்பானில் ஒரு வரவேற்பறையில், நாப்பத்து மூணு இஞ்ச் திரையில், வாத்தியார் பிரசன்னமானார். சத்தியமாக எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"இவர் யார்?"

"நடிகர். இந்தப் படத்துக்கு டைரக்டரும் இவர்தான். அப்புறம் 1977-லிருந்து பத்து வருஷம் எங்கள் முதலமைச்சர்."

"முதலமைச்சர் ஆடுகிறாரா?"

"அப்போ ஆகலை."

கதை என்ன என்று கேட்டார் மனைவி. மின்னலின் சக்தியைப் பிடித்துச் சேமிக்க ஒரு விஞ்ஞானி வழி கண்டுபிடிக்கிறார், அதற்காகத் துரத்துகிறார்கள், விஞ்ஞானியும் இவரே, அவர் தம்பியும் இவரே என்று விளக்கினேன். பெரியவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே, "எக்ஸ்போவுக்கு அணு மின்சாரம் வந்தது" என்றார். நிஜம்தான். ட்ஸுருகா அணுமின் நிலையம் 1970 மார்ச் 14, திறப்பு விழா அன்று ஓட ஆரம்பித்து அங்கே விளக்கெரித்தது. ஆகஸ்டில் மிஹாமாவும் சேர்ந்துகொண்டது. 2011 ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, 2015-ல் அந்த இரண்டு பழைய உலைகளையும் மூடிவிட முடிவு செய்தார்கள். வாத்தியாரின் மின்னலாவது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பெரியவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"கொஞ்சம் பின்னாடி."

பின்னால் தள்ளினேன். வாத்தியார் ஆடினதை அப்படியே திருப்பி ஆடி, ஆரம்பித்த இடத்துக்கு வந்தார்.

"இது எந்தத் தேதியில எடுத்தது?"

"13-ஆம் தேதி எக்ஸ்போ முடிஞ்சுதே, அதுக்குள்ள எடுத்ததுதான்" என்றேன்.

அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. எழுந்துபோய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார், படிக்கிற கண்ணாடி. டி.வி.க்கு ஒரு முழத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் வாத்தியாரைப் பார்க்கவில்லை. கதாநாயகியையும் பார்க்கவில்லை. அவர்களுக்கு இடையில் இருக்கிற இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம். அந்த ஒரு பாட்டை நாங்கள் அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் பின்னால் பார்த்தேன். எத்தனை பேர்! வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஆம்பிளைகள். குடை பிடித்த பெண்கள். தொப்பி போட்ட பிள்ளைகள். இந்த ஊர்க்காரர்கள் யாரோ ஆடுகிறார்களே என்று நின்று பார்ப்பவர்கள், பார்க்காத மாதிரி போகிறவர்கள். எங்கள் டூரிங் டாக்கீஸில் அத்தனை ராத்திரியும் இவர்களெல்லாம் இருந்திருக்கிறார்கள். ஒருத்தரையும் பார்த்த ஞாபகம் இல்லை. வாத்தியார் கையை உயர்த்தும்போதெல்லாம் பெரியவருக்குக் கோபம் வந்தது. "மறைக்கிறார்" என்றார். முப்பது நாப்பது வருஷம் முந்தி என் முதுகில் தட்டினவர் ஞாபகம் வந்தது.

ஒரு இடத்தில், "இது" என்றார்.

வலது ஓரத்தில், தூரத்தில், ஒருத்தர். வெள்ளைச் சட்டை. முழங்கையை மடக்கி முகத்துக்கு நேரே எதையோ பிடித்திருக்கிறார். முகம் தெரியவில்லை. அரை செகண்ட் இருப்பார், அதற்குள் கூட்டம் மூடிவிடுகிறது. ஸார், 1970-ல் ஜப்பானில் வெள்ளைச் சட்டை போட்டுக் காமிரா வைத்திருந்தவர் எத்தனை லட்சம் பேர்! சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் ஆல்பத்தை எடுத்து அந்த நிழல் படத்தை டி.வி. ஓரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் காட்சியைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது. "அப்பா இல்லை. அப்பா இவ்வளவு நேராக நிற்க மாட்டார். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பார்."

பெரியவர் பதில் போடவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒன்று கடித்தோம். அவருடைய பல்லுக்கு அது கொஞ்சம் பெரிய சோதனை. இருபது நிமிஷம் கழித்து செல்போன் மறுபடி முனகிற்று. அக்காதான்.

"இன்னும் கொஞ்சம் பெரிசாக அனுப்பு."

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அவர் ஆல்பத்தை ஆபீஸுக்கே கொண்டுவந்தார். மேஜையில் வைத்து, பேனாவுக்கு இணையாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். காலியாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. மற்றவை மாதிரியே ஒல்லியாக, நெட்டுக்குத்தாக வெட்டி. கலங்கலான வெள்ளைச் சட்டை. கீழே பென்சிலில் 1970.9.5 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி அக்கா கையெழுத்தாம்.

"ஒரு விஷயம் கேட்கணும்" என்றார். "சினிமாவுக்கு எடுத்ததில் நிறைய வெட்டிடுவாங்க இல்லையா? வெட்டின மிச்ச பிலிம் உங்க ஊர்ல யார்கிட்ட இருக்கும்?"

கோடம்பாக்கத்தில் விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு பேரிடம் கேட்டும் ஆயிற்று. இருவருமே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வாசகர்களில் அந்தக் கால எடிட்டிங் அறையைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொன்று. இடது ஓரத்தில் ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. கிட்டே வைத்துப் பார்த்தேன். ஒரு தோள். பாதித் தோள்தான், மிச்சத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தார். தமிழ்நாட்டில் ஒருத்தன்கூடத் துணியாத காரியம்.

"இவர் கொஞ்சம் மறைச்சுட்டார்" என்றார் பெரியவர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.